பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு: படிப்பு அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும், பத்தாம் வகுப்பு மாணவர்கள் உள்ள பல வீடுகளில் அதிகாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை நிரம்பிய ஓர் அட்டவணை சுவரில் ஒட்டப்படுகிறது. சில நாட்களில் அது கைவிடப்பட்டால், பிள்ளையின் சோம்பலே காரணம் என்று பெற்றோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை அட்டவணை போடப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது.

நேரத்தை மட்டும் குறித்து, வேலையைக் குறிக்காமல் விடுவது முதல் தவறு. "மாலை 6 முதல் 7 வரை கணிதம்" என்று எழுதினால், அந்த நேரம் முழுவதும் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாலே கடமை முடிந்ததாகிவிடும். "ஆயத்தொலை வடிவியல், பயிற்சி 5.2, சாய்வு காணும் கணக்குகள்" என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்பது மாணவருக்கே தெரியும்; முடியாததை மறுநாளுக்கு நகர்த்தவும் இயலும்.

ஐந்து பாடங்களுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிடுவதும் நியாயமாகத் தோன்றும் ஒரு தவறு. அரையாண்டு விடைத்தாளை எடுத்து எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்று பார்த்த பிறகே பங்கீட்டைத் தொடங்க வேண்டும். கணிதத்தின் 100 மதிப்பெண்ணில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்திற்கும் தலா 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14 என மொத்தம் 30 மதிப்பெண் இருக்கிறது. தேர்ச்சிக்குரிய 35 கிடைக்குமா என்று அஞ்சும் மாணவர் இவற்றிலிருந்து தொடங்கினால், முதல் வாரத்திலேயே தம்மால் முடியும் என்ற நம்பிக்கை பிறக்கும். அத்தகைய மாணவரை முதல் இயலிலிருந்து வரிசையாகப் படிக்கச் சொல்வதை நான் கொடுமை என்றே கருதுகிறேன்.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது, "முதலில் எல்லாப் பாடங்களையும் முடிப்போம், கடைசி மாதத்தில் திருப்பிப் பார்ப்போம்" என்ற திட்டம். படித்தது முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம்மைத் தாமே சோதித்து எழுதினார். ஆகவே இன்று படித்த பாடம் நாளை பத்து நிமிடமும், ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறையும், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறையும் அட்டவணையில் இடம்பெற வேண்டும்.

அந்தத் திருப்புதலும் வெறும் வாசிப்பாக இருந்தால் பயன் குறைவு. ரோடிகர், கார்பிக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். இரவில் படித்தது நன்றாகத் தெரிந்ததுபோல் இருந்தும் தேர்வறையில் கைவிடுவது இதனால்தான். சமூக அறிவியல் நெடுவினாவையோ அறிவியல் படத்தையோ புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதற்கு அட்டவணையில் தனி நேரம் வேண்டும். வாரம் ஒருமுறையாவது முழு வினாத்தாளுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து விடை எழுத வேண்டும்.

அடுத்தது, இல்லாத நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது. சிறப்பு வகுப்பு முடிந்து பேருந்தேறி இரவு 7 மணிக்கு வீடு சேரும் பிள்ளைக்கு மாலை 5 மணியிலிருந்து அட்டவணை போடுவதில் பொருளில்லை. பொங்கல் விடுமுறை, திருப்புதல் தேர்வுகள், அறிவியல் செய்முறைத் தேர்வு ஆகியவை வரும் என்பது முன்பே தெரிந்ததுதான் என்பதால், அந்த நாட்களை முதலில் குறித்துவிட்டு மீதியைப் பங்கிட வேண்டும். வாரத்தில் அரை நாளாவது விடுபட்டவற்றுக்காகக் காலியாக இருக்கட்டும். உறக்கத்தைக் குறைத்துப் பெறும் நேரத்தை நான் நேரமாகவே எண்ணமாட்டேன். படித்தவை நினைவில் நிலைபெற உறக்கம் துணைசெய்கிறது.

பலர் அட்டவணையைத் தேர்வு தொடங்கும் நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். தாள்களுக்கு இடையே கிடைக்கும் விடுமுறை நாட்களில் எந்த இயல்களைப் புரட்டுவது என்பதையும் பிப்ரவரியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். நண்பகலுக்குப் பின் தேர்வு முடிந்து வரும் பிள்ளை உண்டு, சற்று உறங்கி எழுந்ததும் அடுத்த தாளுக்குரிய பக்கத்தைத் திறக்கட்டும். எழுதி முடித்த தாளின் விடைகளை வீட்டில் யாரும் அன்று சரிபார்க்க வேண்டாம்.