வெடக்கோழி எப்போது முட்டைக்கு வரும்? புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு

"அஞ்சு மாசம் ஆச்சு, தீவனம் மட்டும் காலியாகுது, ஒரு முட்டையைக் கூடக் காணோமே" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன கோழி வளர்க்கிறீர்கள்? அதற்குப் பதில் தெரியாமல் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. வெடக்கோழி, அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டை, எப்போது தயார் என்பதை அதன் உடம்பே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

1. இனத்தையும் வயதையும் சரிபாருங்கள்

நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் கோழிகள் 18 முதல் 20 வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். இணையத்தில் படிக்கும் கணக்கெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரிக் கோழிகளுக்குத்தான். கொல்லையில் வளர்க்கும் வனராஜா, கிராமப்பிரியா இரண்டும் ஐந்தரை, ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். நாட்டுக்கோழியில் சின்ன உடம்புள்ள சிறுவிடைக்கு ஆறு, ஏழு மாதம். பெரிய உடம்புள்ள பெருவிடை, அசில் வகைகள் ஏழு மாதத்தைத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை.

சந்தையிலோ வண்டிக்காரரிடமோ வாங்கியிருந்தால், அவர் சொன்ன வயதை அப்படியே நம்பாதீர்கள். இன்னொன்று, அது பெட்டைதானா? நாலு மாதத்துக்கு மேல் சேவலுக்குக் கழுத்திலும் வாலுக்கு முன்னால் முதுகிலும் நீண்ட, கூர்முனையுள்ள, பளபளப்பான இறகுகள் வரும். பெட்டைக்கு அந்த இறகுகள் முனை மழுங்கி, வட்டமாக இருக்கும். முட்டைக்காகக் காத்திருந்து கடைசியில் கொக்கரக்கோ கேட்டவர்கள் நிறையப் பேர் உண்டு.

2. உடம்பில் தெரியும் அடையாளங்கள்

முதலில் மாறுவது முகம். வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்த கொண்டையும் தாடியும் பெரிதாகி, இரத்தச் சிவப்பாகும். அடுத்து நடத்தை மாறும். கையை நீட்டினால் ஓடிய கோழி, இப்போது இறக்கையைச் சற்றே விரித்துத் தரையோடு தரையாகப் பதுங்கும். சேவல் மிதிக்க இடம் கொடுக்கும் நிலை இது. இது வந்துவிட்டால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் முட்டை வந்துவிடும். சேவலே இல்லாத வீட்டிலும் கோழி முட்டையிடும். அந்த முட்டையில் குஞ்சு மட்டும் பொரிக்காது.

இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? இடுப்பெலும்பைத் தொட்டுப் பாருங்கள். இருட்டிய பிறகு கோழி அடங்கியிருக்கும்போது செய்தால் சுலபம். கோழியின் தலை உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். வாலுக்குக் கீழே, எச்சம் போடும் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனை ஒவ்வொன்று தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைகிறது, எலும்பும் விறைப்பாக இருக்கிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக உட்கார்ந்தால், எலும்பு லேசாக நெகிழ்ந்து கொடுத்தால், கோழி தயாராகிவிட்டது. துவாரத்தையும் பாருங்கள். சின்னதாக, வறண்டு, வட்டமாக இருந்தால் இன்னும் வெடக்கோழிதான். அகன்று ஈரமாக இருந்தால் முட்டைக்கு வந்தாயிற்று. அமுக்கிப் பார்க்க வேண்டாம், தொட்டால் போதும்.

3. தீவனத்தை எப்போது மாற்றுவது?

அதிகம் பேர் அவசரப்படுவது இங்கேதான். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மூன்று, நாலு மாதக் கோழிக்கு முட்டைத் தீவனத்தைப் போட்டால் முட்டை சீக்கிரம் வராது, சிறுநீரகம்தான் கெடும். கொண்டை சிவந்த பிறகு மாற்றினால் போதும்.

ஒரே கூட்டத்தில் சின்னதும் பெரியதும் கலந்திருந்தால் வளர்தீவனத்தையே தொடருங்கள். தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் கிடைக்கும். அதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும், மற்றவை திரும்பிப் பார்க்காது. முட்டை ஓட்டைக் காயவைத்து, நன்றாகப் பொடித்தும் வைக்கலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும் என்பார்கள், எதற்கு வம்பு.

மேய்கிற கோழிதானே என்று வெறும் அரிசிக் குருணையோடு விட்டுவிடாதீர்கள். குருணையில் மாவுச்சத்துதான் அதிகம். கம்பு, சோளத்தோடு முருங்கைக்கீரை, அசோலா என்னும் தண்ணீரில் மிதக்கும் பாசி போன்ற செடி, கிடைத்தால் கரையான் என்று புரதமும் சேர வேண்டும். குருணை மட்டும் தின்ற கோழி கொழுக்கும், முட்டைக்கு வராது.

குடற்புழு நீக்கம், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்பூசி இரண்டையும் முட்டைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

4. முட்டையிட ஓர் இடம்

பெரிய செலவு வேண்டாம். ஓரடி அகல நீளமுள்ள மரப்பெட்டி, பழைய கூடை, வாய் உடைந்த மண்பானை எதுவானாலும் சரி. அடியில் கொஞ்சம் மணல், மேலே வைக்கோல். நாலைந்து கோழிக்கு ஒன்று போதும். இருட்டான, நாய் வராத, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், தரையோடு அல்லது கோழி சுலபமாக ஏறும் உயரத்தில் வையுங்கள். ராத்திரி கோழி அடையும் கம்பு இதைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே தூங்கி எச்சம் போட்டு வைக்கும்.

உள்ளே ஒரு முட்டையை வைத்துவிடுங்கள். வெள்ளைக் கூழாங்கல்லோ பிளாஸ்டிக் பந்தோ கூடப் பரவாயில்லை. இங்கே முட்டை இருக்கிறது, பத்திரமான இடம்தான் என்று கோழி நினைத்துக்கொள்ளும்.

5. வெளிச்சமும் தண்ணீரும்

பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறார்கள். நாலு கோழி வளர்க்கும் வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. சென்னையில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கத்திரி வெயிலில் அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனாலே முட்டை தள்ளிப்போகும்.

6. முதல் முட்டை

ஒரு நாள் காலை கோழி மேயப் போகாமல் கேறிக்கொண்டே சுற்றும். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும், வெளியே வரும், மறுபடி நுழையும். வைக்கோலை ஒவ்வொரு துரும்பாக எடுத்து முதுகுக்கு மேல் போட்டுக்கொள்ளும். அப்போது போய் எட்டிப் பார்க்காதீர்கள்.

முதல் முட்டை சின்னதாக இருக்கும். சிலது மஞ்சள் கருவே இல்லாமல், சிலது இரண்டு கருவோடு, சிலது ஓடே இல்லாத தோல்முட்டையாக வரும். ஓட்டின் மேல் இரத்தக் கீற்று இருந்தாலும் பயம் வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும், அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். புதுக்கோழிக்கு அது ஒழுங்குக்கு வரச் சில வாரம் பிடிக்கும். அப்புறம், நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை நின்றுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், அதன் குணமே அதுதான்.

வாலைத் தொங்கப்போட்டு, இறகை உப்பிக்கொண்டு, முக்கிக்கொண்டே நிற்கிறதா? முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனையும்படி கால் மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். இறங்காவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

7. எல்லா அடையாளமும் இருக்கிறது, முட்டை மட்டும் இல்லையா?

அப்படியென்றால் வேறெங்கோ வைக்கிறது. வைக்கோல்போர், விறகு அடுக்கு, வேலியோரப் புதர் மூன்றையும் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சில நாள் மதியம் வரை கோழியைக் கூண்டுக்குள்ளேயே பெட்டியோடு விட்டுவையுங்கள். பெரும்பாலான கோழிகள் மதியத்துக்குள் முட்டையிட்டுவிடும், பெட்டியும் பழகிவிடும்.

ஒளித்து வைத்த முட்டைகள் மொத்தமாகக் கிடைத்தால், தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதுசு. அடியிலேயே நிமிர்ந்து நின்றால் அன்றைக்கே வேகவைத்துவிடுங்கள். மிதந்தால் உடைக்காமல் அப்படியே குழியில் புதைத்துவிடுங்கள். வீட்டுக்குள் உடைந்தால் நாற்றம் தாங்காது.