மகளுக்கு ‘மார்கரெட்’ வழிப் பெயர் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் குழந்தை பிறந்த 42 நாள்களுக்குள் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். பாட்டி பெயர் மார்கரெட், அதையே வைக்கலாம் என்று குடும்பத்தில் பேசி முடித்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. எந்த வடிவம், ரோமன் எழுத்தில் எப்படி, தமிழில் எப்படி, வீட்டில் என்னவென்று கூப்பிடுவது என்று நான்கு முடிவுகள் பாக்கி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் முதலில் ரோமன் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எண் கணிதம் பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்புங்கள். முதலில் ஒலி, பிறகு தமிழ் எழுத்து, கடைசியாக ரோமன் எழுத்து. ஒலி முடிவானால் மற்றவை தாமாகவே குறுகிவிடும்.

பொருள் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. கிரேக்கத்தில் ‘மார்கரீத்தேஸ்’ என்றால் முத்து. கிரேக்கர்கள் அந்தச் சொல்லையே கிழக்கிலிருந்து, அநேகமாக ஈரானிய மொழி ஒன்றிலிருந்து, வாங்கியிருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி கிரேக்கத்தில் எழுதிய அர்ரியன், அது இந்தியர்களின் சொல் என்றே குறிப்பிடுகிறார். கடலில் கிடைத்த முத்துகளைக் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவுக்கு அணிவித்தான் என்ற கதையும் அதே இடத்தில் வருகிறது. மௌரியர் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வழியாக வந்த கதை அது. அந்தப் பாண்டையாவைப் பாண்டிய நாட்டோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. முத்துக்குளித்துறைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்த குடும்பம் என்றால், இதைவிடப் பொருத்தமான ‘வெளிநாட்டுப் பெயர்’ கிடைப்பது கடினம்.

மார்கழிக்கும் மார்கரெட்டுக்கும் உறவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிசம்பரில் பிறந்த குழந்தைக்கு ஒலி ஒற்றுமைக்காக வைக்கலாம், தப்பில்லை.

எந்த வடிவம்

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு ‘மார்கரீட்டா’வாகப் போய், அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவிய பெயர் இது. போன இடமெல்லாம் உருமாறியது. இத்தாலியில் மார்கெரீத்தா, ஸ்பெயினிலும் ரஷ்யாவிலும் மார்கரீத்தா, போர்ச்சுகலில் மார்கரிதா, பிரான்சில் மார்கெரீத், ஜெர்மனியில் மார்கரேட்டெ, டென்மார்க்கில் மார்கிரேட, ஹங்கேரியில் மார்கித், செக் நாட்டில் மார்கேட்டா, பின்லாந்தில் மார்கெட்டா. அயர்லாந்தின் மரேட், போலந்தின் மவ்கொஜாத்தா ஆகியவற்றை முதன்முறை பார்ப்பவர்கள் இதே பெயர் என்று நம்ப மாட்டார்கள்.

இவற்றை ஒரே பெயரின் ‘ஸ்பெல்லிங்’ வேறுபாடுகளாக நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனித் தனிப் பெயர், தனி உச்சரிப்பு. சிங்கப்பூரில் ஒரு வடிவத்தைத் தேர்ந்தால், அதைப் படிக்கப்போவது பள்ளி ஆசிரியரும் பலதுறை மருந்தகத் தாதியும்தான். பிரெஞ்சு மார்கெரீத்தை இங்கே பலர் ‘மார்குவரைட்’ என்று படிப்பார்கள். அதன் சுருக்கமான மார்கோவின் கடைசி எழுத்தான டி பிரெஞ்சில் ஒலிக்காது, ஆனால் இங்கே ‘மார்காட்’ ஆகிவிடும். அதைத் தவிர்க்க ஏ-யு-எக்ஸ் என்று முடிக்கும் இன்னொரு எழுத்துமுறை உண்டு. அது பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரத்தின் பெயர், தெரிந்தே வையுங்கள். தமிழில் எழுதினால் தாத்தா பாட்டிக்கு வேப்பிலைச் சோப்பு நினைவுக்கு வரும் என்பது தனி.

ஐரிஷ் பெயரின் இ-க்கு மேலுள்ள சாய்குறி, போலிஷ் எல்-லின் குறுக்குக் கோடு போன்றவையும் தொல்லைதான். கடப்பிதழில் இயந்திரம் படிக்கும் வரியில் 26 ரோமன் எழுத்துகள் மட்டுமே வரும். குறி இல்லாவிட்டால் அழகு போய்விடும் பெயரை இங்கே வைக்காமல் இருப்பதே மேல்.

சிங்கப்பூரில் எளிதாக நடமாடுபவை மார்கரெட், மார்கரீட்டா, ரீட்டா, கிரெட்டா. மார்கரெட் என்றால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். குவீன்ஸ்டவுனில் இளவரசி மார்கரெட் பெயரில் சாலை இருக்கிறது. 1842இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய பெண்கள் பள்ளியும் இதே பெயரில்தான் இருக்கிறது. கொஞ்சம் பழங்காலப் பெயர் என்று இளையவர்கள் சொல்லக்கூடும். மார்கரீட்டா நல்ல ஒலி, ஆனால் பதின்ம வயதில் காக்டெய்ல் கிண்டல் நிச்சயம். மார்கெரீத்தா என்றால் பீட்சா.

தவறாகச் சேர்க்கப்படும் ஒன்று: மரினா. அந்தியோக்கியாவின் புனித மார்கரெட்டைக் கீழைத் திருச்சபை மரினா என்று வணங்குவதால், சில பெயர்ப் பட்டியல்கள் இரண்டையும் ஒரே பெயராகப் போடுகின்றன. புனிதர் ஒருவராகக் கருதப்படலாம், சொல் வேறு. மரினா லத்தீன் வழி, கடலைச் சேர்ந்தது.

தமிழில் எழுதும்போது

கவனமில்லாமல் விடப்படுவது இந்தப் பகுதிதான். குழந்தை தொடக்கநிலை ஒன்றுக்குப் போனதும் தமிழாசிரியர் ரோமன் எழுத்தைப் பார்த்துத் தானே ஒரு வடிவம் எழுதிக் கொடுப்பார். பிறகு ஆறு ஆண்டுகளுக்கு அதுதான் பெயர். நீங்களே முன்கூட்டி முடிவு செய்துவிடுங்கள்.

மார்கரெட்டில் ‘ர்’-ஐ அடுத்து ஒற்றைக் ககரம் போதும். மார்கழியில் வருவதுபோல் மெல்லிய ஒலி தானாக வரும். ‘மார்க்கரெட்’ என்று க் சேர்த்தால் ஒலி வல்லினமாகி, தேர்வு மதிப்பெண் போல் கேட்கும். இறுதியில் ட் போடுவது ஆங்கில வழி, ‘மார்கரீத்’ கத்தோலிக்கத் தமிழ் வழி. இரண்டும் சரி, ஆனால் திருமுழுக்குச் சான்றிதழில் ஒன்றும் பள்ளியில் மற்றொன்றுமாக விடாதீர்கள். வேற்றுமை உருபு சேரும்போது மார்கரெட்டை, மார்கரெட்டுக்கு என்று ட இரட்டிக்கும். ‘மார்கரெடை’ என்று எழுதினால் ஒலியே மாறிவிடும்.

தகரத்தில் இதைவிட நுட்பம் இருக்கிறது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றைத் தகரம் மென்மையாக ஒலிக்கும். ஆகவே போர்ச்சுகீசிய வடிவத்துக்கு ‘மார்கரிதா’ அப்படியே பொருந்துகிறது. ஸ்பானிய, இத்தாலிய வடிவங்களுக்கு அழுத்தம் வேண்டும் என்பதால் ‘த்தா’ போடுங்கள். ஒரு புள்ளி எழுத்துதான், பெயரின் நாடே மாறுகிறது.

கிரெட்டாவில் வேறு சிக்கல். தமிழில் சொல்லின் முதலில் வரும் ககரம் வல்லொலியாகத்தான் படிக்கப்படும், ஆங்கில ஜி-யின் மெல்லொலி வராது. எழுத்தில் இதற்கு வழியில்லை, ஆசிரியரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டுவதுதான் தீர்வு. ஒலி பிசகுவது பிடிக்காது என்றால் ககரம் நடுவில் வரும் வடிவத்துக்குப் போங்கள்.

செல்லப்பெயர்

நீங்கள் முடிவு செய்யாவிட்டால் வகுப்பு முடிவு செய்யும். மார்கரெட்டின் ஆங்கிலச் செல்லப்பெயர்கள் ஏராளம்: மேகி, மெக், பெகி, மார்ஜ், டெய்சி. மெக் என்பது பெக் ஆனது வெறும் எதுகை விளையாட்டு. டெய்சி வந்த வழி சுவையானது. பிரெஞ்சில் ‘மார்கெரீத்’ என்பது டெய்சிப் பூவுக்கும் பெயர், அதனால் ஆங்கிலத்தில் மார்கரெட்டுகள் டெய்சி ஆனார்கள். 1972 முதல் 2024 வரை ஆண்ட டென்மார்க் அரசி இரண்டாம் மார்கிரேடவும் வீட்டில் டெய்சிதான்.

மேகி அழகாக இருந்தாலும் உணவங்காடியில் மேகி கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் ஊரில் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெக்கைத் தமிழில் எழுதவே முடியாது, இறுதி ஒற்று ககரத்தை இறுக்கிவிடும். பெகியை ‘பெக்கி’ என்று எழுதினாலும் அதே கதி. வேல்ஸ் நாட்டில் மெக்கிலிருந்து பிறந்த மேகன் இப்போது பலருக்குப் பிடிக்கிறது. தமிழில் எழுதிப் பாருங்கள்: மோகன், முகுந்தன் வரிசையில் ஆண்பிள்ளைப் பெயராக நிற்கும். தமிழ்ச் சூழல் அதிகமுள்ள குடும்பம் என்றால் தவிர்க்கலாம்.

எங்கள் கணக்கில் முதலிடம் ரீட்டாவுக்கு. மார்கரீட்டாவின் வால் அது. கஸ்ஸியாவின் புனித ரீட்டாவின் இயற்பெயரே மார்கெரீத்தா. மூன்றெழுத்துப் பெயர், தமிழில் எழுதினால் கெடாது, சீன மலாய் அண்டை வீட்டாருக்கும் வாயில் நுழையும். வட இந்தியாவில் இந்துக்களும் இதே ஒலியில் பெயர் வைப்பதால் கலப்புக் குடும்பங்களிலும் சண்டை வராது. நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு: சித்திரைக்குரிய எழுத்துகளில் ‘ரி’ உண்டு, மகத்துக்குரியவற்றில் ‘ம’ உண்டு. ஆக மகத்தில் பிறந்தவள் மார்கரெட், சித்திரையில் பிறந்தவள் ரீட்டா என்று இரு தரப்புக் கிழவிகளையும் சமாதானப்படுத்த வழி இருக்கிறது.

திருமுழுக்கு

கத்தோலிக்கக் குடும்பங்களில் எந்த மார்கரெட் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பெயர்த் திருநாள் அதைப் பொறுத்தது. இயேசுவின் திருஇருதய பக்தியோடு இணைந்த மார்கரீத் மரியா அலக்கோக்குக்கு அக்டோபர் 16, ஸ்காட்லாந்து அரசிக்கு நவம்பர் 16, கொர்தோனாவின் மார்கரீத்துக்கு பிப்ரவரி 22, ஹங்கேரியின் மார்கரீத்துக்கு ஜனவரி 18. ரீட்டா என்றால் மே 22. அந்தியோக்கியாவின் மார்கரீத்துக்கு ஜூலை 20 மரபு நாள், ஆனால் 1969இல் ரோமைப் பொது நாள்காட்டியிலிருந்து அவர் விழா நீக்கப்பட்டது. ஆகவே பெயர்த் திருநாள் கொண்டாட எண்ணுவோர் மற்றவர்களில் ஒருவரைத் தேர்வது வசதி. ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில் தமிழில் திருமுழுக்கு கேட்கும்போது, பதிவேட்டில் எழுத வேண்டிய தமிழ் வடிவத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கேட்பவர் காதுக்கு ஏற்ப எழுதப்படும்.

புனிதர் பெயர்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. எனவே பாட்டியின் பெயரைப் பொருளால் மட்டும் எடுத்துக்கொண்டு நித்திலா, முத்தரசி, தரளா என்று தமிழில் வைப்பவர்களுக்கும் தடை இல்லை. நித்திலமும் தரளமும் முத்துதான். ‘நித்திலா மார்கரெட்’ என்று இரண்டையும் சேர்ப்பதும் நன்றாக இருக்கிறது, ஒரே பொருள் இருமுறை வந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதிவு

2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழ் மின்னியல் வடிவில்தான் வருகிறது. லைஃப்எஸ்ஜி செயலியில் நீங்களே தட்டச்சு செய்கிறீர்கள், கட்டணம் 18 வெள்ளி. முகப்பில் ஒருவர் உங்களிடம் ‘இதுதானே?’ என்று திருப்பிக் கேட்ட காலம் போய்விட்டது. சமர்ப்பிக்கும் முன் மற்றொருவர் எழுத்தெழுத்தாக வாசிக்க, நீங்கள் திரையில் சரிபாருங்கள். எம்-ஏ-ஆர்-ஜி-ஏ-ஆர்-இ-டி. இதில் நடுவிலுள்ள இரண்டாவது ஏ-தான் அடிக்கடி விழுந்துவிடுகிறது. அது விழுந்தால் ‘மார்கிரெட்’, அதுவும் வழக்கிலுள்ள வேறொரு பெயர் என்பதால் எந்தக் கணினியும் பிழை என்று எச்சரிக்காது. தமிழ் எழுத்தில் பெயர் சேர்க்கும் இடத்தையும் காலியாக விடாதீர்கள்.

எண் கணிதத்துக்காகக் கடைசியில் இன்னொரு டி, ஓர் இ, அல்லது ஹெச் சேர்ப்பவர்கள் அதன் விலையை யோசிக்க வேண்டும். ஆயுள் முழுக்க ஒவ்வொரு படிவத்திலும் ‘கடைசியில் இரண்டு டி’ என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். பின்னால் மாற்ற நினைத்தால் வழக்கறிஞர் மூலம் பெயர் மாற்றப் பத்திரம், அதன்பின் பள்ளி, வங்கி, கடப்பிதழ் என்று ஒவ்வோர் இடமாக அலைச்சல். எண் வேண்டும் என்றால் மார்கரெட்டைத் தொடாமல் இரண்டாவது பெயரில் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

தந்தை பெயரோடு ‘மகள்’ என்பதற்கான டி/ஓ சேர்க்கும் குடும்பங்கள், பயணச்சீட்டு வாங்கும்போது அந்தச் சாய்கோட்டைப் பல விமான நிறுவனத் தளங்கள் ஏற்காது என்பதை நினைவில் வையுங்கள். கோட்டை மட்டும் நீக்கி, மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ள வரிசையிலேயே இடுங்கள். செல்லப்பெயரில் சீட்டு எடுக்கும் தவறும் நடக்கிறது. வீட்டில் ரீட்டா, கடப்பிதழில் மார்கரீட்டா என்றால் முகப்பில் அவை இரண்டு வெவ்வேறு ஆள்கள்.