விவாகரத்துக்குப் பிறகு தாபரிப்புக் காசு வரவில்லையா? மலையகப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

கோர்ட்டில் விவாகரத்து முடிந்தது. மாதம் இவ்வளவு தர வேண்டும் என்று நீதிபதியும் உத்தரவு போட்டார். இரண்டு மூன்று மாதம் காசு வந்தது, பிறகு நின்றுவிட்டது. நம் தோட்டங்களில் இப்படி நடந்தால் முதலில் தலைவரிடம் சொல்வோம், அடுத்து பொலிசில் ஒரு என்ட்ரி போடுவோம். முன்னாள் கணவர் மிரட்டினாலோ அடித்தாலோ பொலிசுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் நிலுவைக் காசை அந்த என்ட்ரி வாங்கித் தராது. காசு கட்டப்படுகிறதா என்று கோர்ட்டும் தானாகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் திரும்பப் போய்ச் சொன்னால்தான் அடுத்த வேலை தொடங்கும். மாதங்கள் போகட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

முதல் படி: எந்தக் கோர்ட்டு உத்தரவு என்று பாருங்கள்

எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. விவாகரத்து வழங்குவது மாவட்ட நீதிமன்றம். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று உங்கள் வழக்கு நடந்த இடம் எதுவோ அது. விவாகரத்தோடு சேர்த்து முன்னாள் துணைக்குக் காசு கொடுக்கச் சொல்லும் அதிகாரம், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவில் அந்த நீதிமன்றத்துக்கு இருக்கிறது. மாதாமாதம் கட்டச் சொல்லலாம், ஒரே தொகையாகவும் கொடுக்கச் சொல்லலாம், சொத்தை எழுதிக் கொடுக்கவும் சொல்லலாம். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும்.

நீதவான் நீதிமன்றம் வேறு. அங்கே நடப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தாபரிப்பு வழக்கு. அது கணவன் மனைவியாக இருப்பவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. விவாகரத்து முடிந்த பிறகு உங்களுக்கான காசை அங்கே போய்க் கேட்க முடியாது. பிள்ளைகளுக்கான காசைக் கேட்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் தவறான வாசலில் நின்று எத்தனையோ பெண்கள் நாட்சம்பளத்தை இழக்கிறார்கள்.

தீர்ப்பாணையை, அதாவது கோர்ட்டு எழுத்தில் தந்த விவாகரத்து உத்தரவை, எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று அதில் இருக்க வேண்டும். உங்களுக்கான தாபரிப்புக் காசு பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் வசூலிப்பதற்கு உத்தரவே இல்லை என்று அர்த்தம். அப்போது நேராகச் சட்டத்தரணியிடம் போங்கள். பிள்ளைகளுக்கான வழி அப்போதும் திறந்தே இருக்கும்.

இரண்டாம் படி: தாள்களும் கணக்கும்

நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லி, தீர்ப்பாணையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள்.

பிறகு ஒரு கொப்பியில் மாதவாரியாகக் கணக்கு எழுதுங்கள். மாதம் 15,000 ரூபா உத்தரவு, ஏழு மாதமாகக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டியது 105,000. தீபாவளிக்கு 20,000 கையில் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். நிலுவை 85,000. அவர் தரப்பு அந்த 20,000ஐ எடுத்துக் காட்டினால் உங்கள் மொத்தக் கணக்கின் மீதும் சந்தேகம் விழும். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினார், ஸ்கூல் பேக் வாங்கினார் என்பதையெல்லாம் தனியாகக் குறித்து வையுங்கள், சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். இனிமேல் கையில் வாங்காமல் உங்கள் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அவருடைய காசு எங்கே இருக்கிறது?

மலையகத்தில் வழக்கு தடுமாறுவது இந்த இடத்தில்தான். உத்தரவு இருந்தாலும் எதைப் பிடிப்பது என்று நீங்கள் காட்ட வேண்டும். லயத்து வீடு பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தம், அதை விற்றுக் காசு எடுக்க முடியாது. சட்டமும் சிலவற்றைத் தொட விடாது. அதே கோவையின் 218ஆம் பிரிவு உடுதுணி, படுக்கை, குறிப்பிட்ட அளவு தொழில் கருவிகள், கூலித் தொழிலாளியின் சம்பளம் போன்றவற்றைக் கைப்பற்றலிலிருந்து பாதுகாக்கிறது. ஆகவே அவர் மலையில் வேலை செய்பவர் என்றால், "சம்பளத்தைப் பிடியுங்கள்" என்று மட்டும் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்டுப் பயனிருக்காது.

எனவே வேறு என்ன இருக்கிறது என்று தேடுங்கள். த்ரீவீல் இருக்கிறதா? அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லீசிங்கில் எடுத்ததா, காசு கட்டி முடித்ததா என்பதையும் விசாரியுங்கள். நுவரெலியா பக்கம் மரக்கறிக் காணி, டவுனில் சின்னக் கடை, வங்கியில் சேமிப்பு? காணி என்றால் காணிப் பதிவகத்தில் அவர் பெயரில் உறுதி பதிந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். கொழும்பில் கடையில் நிற்கிறார் என்றால் கடையின் பெயர், முகவரி, முதலாளி பெயர் மூன்றும் வேண்டும். அவருடைய ஆட்களோடு சண்டை பிடிக்காமல் இந்த விபரங்களைச் சேர்ப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதற்குச் செலவழிக்கும் நேரம் வீண்போகாது.

நான்காம் படி: மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று விண்ணப்பம்

சட்டத்தரணி மூலம், விவாகரத்து வழங்கிய அதே நீதிமன்றத்தில் தீர்ப்பாணையை நிறைவேற்றும்படி விண்ணப்பிக்க வேண்டும். நிலுவைத் தொகை, நீங்கள் கண்டுபிடித்த சொத்து இரண்டும் அதில் வரும். தீர்ப்பாணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் அவருக்கு அறிவித்தல் போய், அவர் பதில் சொல்லவும் இடமுண்டு. நீதிமன்றம் அனுமதித்தால் எழுத்தாணை (சொத்தைக் கைப்பற்றச் சொல்லும் உத்தரவு) பிஸ்கால் உத்தியோகத்தரிடம், அதாவது கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியிடம், போகும். அவர் போய்ச் சொத்தைக் கைப்பற்றி, ஏலத்தில் விற்று, வரும் பணத்தை நீதிமன்றத்தில் சேர்ப்பார்.

காலம் கடந்துவிட்டதே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். நிறைவேற்று விண்ணப்பத்துக்குப் பத்து வருட எல்லை இருக்கிறது. மாதாமாதம் கட்ட வேண்டிய காசுக்கு, ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து அந்தத் தவணைக்கான பத்து வருடம் எண்ணப்படும் (337ஆம் பிரிவு). ஆகையால் மூன்று, நான்கு வருட நிலுவையையும் கேட்கலாம்.

"வேலை போய்விட்டது, அதனால் கட்டவில்லை" என்று அவர் சொல்லலாம். தொகையைக் குறைக்கவோ நிறுத்தி வைக்கவோ நீதிமன்றத்தால் முடியும், கூட்டவும் முடியும். அதை அவர் கோர்ட்டில் கேட்டுப் பெற வேண்டும். தானாக நிறுத்திக்கொள்ள உரிமையில்லை. விலைவாசி ஏறியதால் பழைய தொகை போதவில்லை என்றால் நீங்களும் அதே வழியில் கூட்டிக் கேட்கலாம்.

விவாகரத்து வழக்கு இன்னும் முடியாதவர்கள் இதைக் கவனியுங்கள். காசுக்குப் பிணையாகக் காணியை ஈடு வைக்கும்படி இப்போதே கேட்கலாம். 615ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. "சீக்கிரம் முடித்துக்கொள்வோம்" என்று உங்கள் காசை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பிள்ளைகளுக்கு நீதவான் நீதிமன்றம்

பல குடும்பங்களுக்கு உண்மையில் கை கொடுப்பது இந்த வழிதான். பிள்ளைகளுக்காக, நீங்கள் வசிக்கும் பகுதி நீதவான் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத 25 வயது வரையான பிள்ளைக்கும் கேட்கலாம். ஏ.எல். முடித்துக் கெம்பசில் படிக்கும் மகளை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரவை மீறினால் தண்டப்பணம் அறவிடுவது போல நிலுவையை அறவிடவும், தொழில் கொடுப்பவர் மூலம் சம்பளத்திலிருந்து கழிக்கவும், சிறைக்கு அனுப்பவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. தோட்டத்து செக்ரோல் சம்பளக்காரர் என்றால், தோட்டத்தின் பெயரையும் அவருடைய இ.பி.எப். இலக்கத்தையும் தயாராக வைத்திருங்கள்.

முஸ்லிம் சட்டப்படி திருமணம் செய்தவர்களுக்கு இத்தா காலத்துத் (விவாகரத்துக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலம்) தாபரிப்பும் பிள்ளைகளின் தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில். காதியின் உத்தரவுப்படி கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றத்தின் வழியாக அது அறவிடப்படும்.

மொழியும் செலவும்

நம் பகுதிக் கோர்ட்டுகளில் வழக்கு சிங்களத்தில்தான் நடக்கும். அதற்காகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வராதீர்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தமிழில் ஆவணம் சமர்ப்பிக்கவும் வழக்கில் பங்குபற்றவும் உங்களுக்கு உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பாளரை அரசு தர வேண்டும். "எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும் ஐயா" என்று எழுந்து நின்று சொன்னால் போதும். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது, மலையக மாவட்டங்களிலும் கிளைகள் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்காகச் சட்டத்தரணியை நிறுத்துவார்கள். கிராம உத்தியோகத்தரிடம் வருமானக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு அழைத்துக் கேளுங்கள்.

அவர் வெளிநாடு போகத் தயாராகிறார் என்று கேள்விப்பட்டால் மட்டும் இந்தப் படிகளின் வரிசையைப் பார்க்காதீர்கள். பயணத் தேதியும் ஏஜென்சியின் பெயரும் தெரிந்தால் அவற்றோடு, அடுத்த வேலை நாளிலேயே சட்டத்தரணியிடம் போய், அவர் புறப்படும் முன் உங்கள் காசுக்கு நீதிமன்றத்தில் பிணை கேட்கச் சொல்லுங்கள்.