குப்பை லாரியிலிருந்து தொடங்குங்கள்: பிள்ளைகளோடு ஒரு சிவில் உரிமை அருங்காட்சியகம்

அமெரிக்காவில் இருக்கும் நாம் லீவு விட்டால் பிள்ளைகளை நயாகராவுக்கும் டிஸ்னிக்கும் கூட்டிப் போகிறோம். ஒரு தடவை டென்னஸி மாநிலத்து மெம்பிஸுக்கும் போய் வாருங்கள். கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட லொரெய்ன் மோட்டல், 1991-ல் தேசிய சிவில் உரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எட்டு வயது மகளோடு நாங்கள் போய் வந்த விதத்தைச் சொல்கிறேன்.

1. ஒரு வாரம் முன்பே ஒரே ஒரு கதை சொல்லுங்கள்

கிங்கின் வாழ்க்கை முழுவதும் வேண்டாம். அவர் மெம்பிஸுக்கு ஏன் வந்தார் என்பது போதும். 1968 பிப்ரவரி 1, நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு குப்பை அள்ளும் தொழிலாளர்கள் லாரியின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று ஓட, இருவரும் இறந்துபோனார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊர்வலத்தில் அவர்கள் பிடித்திருந்த அட்டையில் இருந்தது ஒரே வரி: 'நான் ஒரு மனிதன்'. அவர்களுக்குத் துணை நிற்கத்தான் கிங் வந்தார். குப்பை லாரியைப் பார்க்காத பிள்ளை கிடையாது, அதனால் கதை உடனே ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளை என்றால் விபத்தை விவரிக்க வேண்டாம்.

2. கிளம்பும் முன்

திறந்திருக்கும் நாளை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

3. உள்ளே மூன்றே இடங்கள்

எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் பிள்ளை களைத்துவிடும். முதலில் பஸ். 1955-ல் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த கதையைச் சொல்லுங்கள். அதன்பின் 381 நாள் மாண்ட்கமரி நகரக் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. 'உன் ஒரு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் தாண்டியும்' என்று சொன்னால் கணக்கு புரியும். அப்புறம் குப்பை லாரி. கடைசியாக, வெள்ளைக்காரர்கள் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த, கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராடிய சாப்பாட்டுக் கவுண்டர்.

4. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்

அந்தக் கவுண்டர் முன்னால்தான் என் மகள் கேட்டாள்: "அப்பா, நாம அப்போ இருந்திருந்தா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்போம்?"

"இங்கே நம்மையும் எழுப்பிவிட்டிருக்கலாம்டா. ஆனா ஊர்ல நம்ம டீக்கடையிலேயே சிலருக்குத் தனி டம்ளர் வச்சிருந்தாங்க. அதுல நாம குடிக்கல" என்றேன். இரட்டைக் குவளையை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லித்தர முடியாது. இது வெள்ளைக்காரர்கள் செய்த தப்பு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பிள்ளை வெளியே வரக் கூடாது.

5. 306-ம் எண் அறை

கிங் தங்கியிருந்த அறையைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இங்கே விளக்கம் வேண்டாம், சும்மா நில்லுங்கள். வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்லுங்கள்: ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது, கூலியும் உயர்ந்தது.

6. ஊருக்கு ஒரு போன்

திரும்பி வந்ததும் தாத்தா பாட்டியிடம் பேச விடுங்கள். உங்க காலத்து டீக்கடை எப்படி இருந்தது என்று பிள்ளையே கேட்கட்டும். என் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "டீக்கடை என்ன கண்ணு, நம்ம வீட்டுக் கொல்லையிலயே கொட்டாங்குச்சியிலதான் ஊத்திக் கொடுத்தோம். நான்தான் ஊத்துவேன்."