கேசட்டின் கடைசி மூன்று நிமிடம்: அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பது எப்படி?

நான் கும்பகோணத்தில் பள்ளியில் படித்த காலத்தில், கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு எழுதிக் கொடுத்தால் 27 நிமிடம் போக மூன்று நிமிடம் மிஞ்சும். நாங்கள் போய்வந்த கடைக்காரர் அந்த மூன்று நிமிடத்தை வெறுமனே விட்டுவைக்க மாட்டார். நாங்கள் கேட்காத, பெரும்பாலும் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு பாட்டை அதில் நிரப்பித் தருவார். கைக்கு வந்த ஏதோ ஒன்றை அவர் போட்டதில்லை. தாளில் இருந்த ஆறு பாட்டையும் பார்த்து, அவற்றுக்குப் பக்கத்து வீடு போல இருக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடுவார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

சினிமாவுக்காக இல்லாமல் தாங்களே எழுதி, தாங்களே இசையமைத்து, பெரும்பாலும் தங்கள் கைக்காசிலேயே வெளியிடும் சுயாதீன இசைக்குழுக்களை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அறிமுகப்படுத்த விரும்புகிறவர்களுக்கு, அந்தக் கடைக்காரரின் முறையைத்தான் நான் சொல்வேன். தெரிந்ததன் வாலில் தெரியாததைக் கட்டிக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் ஒரே மூச்சில் பன்னிரண்டு இணைப்புகளைக் கொட்டிவிட்டு, கீழே “செம பேண்டு, கேட்டுப் பாருங்க” என்று எழுதுவதில் கொடுப்பவருக்கு வேலை மிச்சம். வாங்குகிறவர் ஒன்றையும் திறக்கப்போவதில்லை.

பரிந்துரைக்கும் முன் அந்தப் பாட்டை மூன்று முறையாவது கேட்டிருக்க வேண்டும். அதுவும் மூன்று இடங்களில். ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை வீட்டு ஒலிபெருக்கியில், ஒருமுறை கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையிலான 40 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே. பேஸ் கிதாரின் அடித் தந்தி எழுப்பும் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கர் அதைக் காட்டவே காட்டாது. பாட்டின் உயிரே பேஸில் இருக்கிறது என்றால், “ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள்” என்பதையும் பரிந்துரையோடு சேர்த்து எழுத வேண்டும். இதை எழுதாமல் விட்டு, “என்னப்பா, ஒன்றுமே கேட்கவில்லையே” என்ற பதிலை நானே பலமுறை வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வேலை, கேட்கப்போகிறவரின் காதை அறிவது. “உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டுப் பிடிக்கும்?” என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் “எல்லாமே கேட்பேன்” என்பார்கள், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. “கடைசியாக எந்தப் பாட்டை உடனே இரண்டாம் முறை போட்டுக் கேட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பாட்டின் பெயர் வந்ததும், அதில் எந்த இடம் என்று கேளுங்கள். குரலா, தாளமா, வரிகளா, நடுவில் வரும் புல்லாங்குழலா என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் காவிரி டெல்டாப் பகுதியில் இந்த வேலை மற்ற இடங்களைவிட எளிது என்பது என் எண்ணம். சுயாதீன இசை சென்னை, பெங்களூர்க்காரர்களின் சமாசாரம் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்பவர்கள், தங்கள் காதுக்கு ஏற்கனவே எவ்வளவு பழக்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிக்கக் கேட்டு வளர்ந்தவருக்கு, பாடல் வரி இல்லாத வாத்திய இசையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் இரண்டு தவில்காரர்கள் மாறி மாறிப் போட்டி போட்டு வாசிப்பதைச் சாப்பாட்டுப் பந்தியையும் விட்டுவிட்டு நின்று கேட்டவருக்கு, ராக் இசைக்குழுவின் நீண்ட டிரம்ஸ் வாசிப்பு அந்நியமானதல்ல. தப்பாட்டம் கேட்டு வளர்ந்தவருக்கு டிரம்ஸின் ஓங்கிய அடி காதை உறுத்தாது.

ஆகவே பரிந்துரைக்கும்போது வகைப் பெயர்களை எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. “ப்ரோக்ரசிவ் ராக்”, “போஸ்ட் ராக்”, “லோ-ஃபை” ஆகிய சொற்கள் ஏற்கனவே அவற்றைக் கேட்பவருக்கு மட்டுமே எதையேனும் உணர்த்தும். அவற்றுக்கு மாறாகக் காதில் விழுவதையே நம் சொற்களில் சொல்லலாம். ப்ரோக்ரசிவ் ராக்கில் ஏழு எண்ணிக்கைத் தாளமும் ஐந்து எண்ணிக்கைத் தாளமும் மிகச் சாதாரணம். தவில் பழகியவரிடம் “மிஸ்ர சாபு மாதிரி ஏழில் போகிறது” என்றோ “கண்ட சாபு மாதிரி ஐந்தில் போகிறது” என்றோ சொன்னால் அவர் விரல் உடனே தொடையில் எண்ணத் தொடங்கிவிடும். திருவாரூரில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த, கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி அந்த ஏழு எண்ணிக்கையை மூன்று, நான்கு என்று பிரிக்காமல் நான்கு, மூன்று என்று திருப்பிப் போட்டும் பாட்டமைத்தவர். அந்தக் கணக்கை ரசிக்கத் தெரிந்தவருக்கு மின் கிதார் ஒரு தடையே அல்ல. அடியில் ஒரே ஸ்வரம் பாட்டு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தால் “நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்க்க ஒத்து ஊதுவது போல ஒரு சத்தம் விடாமல் இருக்கும்” என்று எழுதுங்கள். மெல்லத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறும் இசை என்றால், ராக ஆலாபனையைப் போலப் பொறுத்துக் கேட்க வேண்டியது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

யாருக்கு எதை என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். பெங்களூரைச் சேர்ந்த அகம் குழு கர்நாடக இசையை ராக்கோடு சேர்த்து வாசிப்பது. நளினகாந்தி ராகத்தில் அமைந்த தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சராததே’ கீர்த்தனையை அவர்கள் பாடியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் கேட்கப் போகிறவரின் வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு இது பொருத்தமான வாசல். அந்த வீட்டுப் பெரியவருக்கே நேரடியாக அனுப்புவதாக இருந்தால் சற்று யோசிக்க வேண்டும். கீர்த்தனையை உயிராக நினைப்பவருக்கு டிரம்ஸ் அடியோடு அது வருவது மனவருத்தம் தரக்கூடும். அத்தகையவருக்கு, தமக்குப் பாடமான கீர்த்தனை இல்லாத ஒன்றை அனுப்புவதே மரியாதை. சென்னையின் ஜடாயு குழு பாட்டில்லாமல் வாத்தியங்களாலேயே கர்நாடக இசையின் சாயலை ஜாஸ் இசையோடு கலந்து வாசிப்பதால், முழுக் கச்சேரியையும் கேட்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அதைத் தரலாம்.

வரிகளைக் கவனித்துக் கேட்பவர், கவிதை படிப்பவர், மேடைப் பேச்சை ரசிப்பவர் என்றால், பாட்டெழுதிப் பாடும் கபேர் வாசுகியும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து நடத்திய குரங்கன் குழுவிலிருந்து தொடங்கலாம். அரசியல் பேசும் பாட்டுக்குத் தயங்காதவருக்கு, திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் தென்மாவும் முன்னின்று 2017-இல் உருவாக்கி 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இருக்கிறது. கானாவும் பறையும் ராப்பும் அதில் ஒரே மேடையில் நிற்கின்றன. அந்தக் குழுவை “ஜாலியான குத்துப் பாட்டு” என்று சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிகள் சாதியைப் பற்றிப் பேசுகின்றன என்பதை மறைத்து அனுப்புவது குழுவுக்கும் நியாயமில்லை, கேட்பவருக்கும் நியாயமில்லை.

ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான். முழு ஆல்பத்தை அனுப்பினால் “பிறகு கேட்கிறேன்” என்பார். அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை. அந்த ஒரு பாட்டும் குழுவின் மிகச் சிறந்த பாட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிறந்த பாட்டு பல நேரங்களில் நீளமாகவும் குழுவின் மற்றப் பாடல்களைக் கேட்ட பின்பே பிடிபடுவதாகவும் இருக்கும். முதல் அரை நிமிடத்துக்குள் காதைப் பிடித்து நிறுத்தும் ஒன்றை வாசற்படியாக வைத்து, சிறந்ததை இரண்டாவது முறைக்கு எடுத்து வைக்கலாம்.

இனி எழுதும் வாசகம். மாதிரிக்கு ஒன்றைத் தருகிறேன்: “சித்தப்பா, கோயிலில் தவில் தனி வாசிப்பை நீங்கள் நின்று கேட்பீர்கள் என்பதால் இதை அனுப்புகிறேன். பாட்டு கிடையாது, கிதாரும் டிரம்ஸும் மட்டும். தாளம் ஏழு எண்ணிக்கை. மூன்றாம் நிமிடத்தில் டிரம்ஸ்காரர் என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஐந்து நிமிடந்தான், ஹெட்போன் வேண்டும்.” இவருக்கு ஏன் இது, உள்ளே என்ன இருக்கிறது, எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. “உலகத் தரம்”, “வேற லெவல்”, “இவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை” என்பன போன்ற சொற்கள் இல்லை. குறிப்பாக அந்தக் கடைசி வாசகத்தை நான் எழுதுவதில்லை; இரக்கப்பட்டுக் கேட்கும் பாட்டை எவரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

யூடியூபைக் கணினியில் திறந்து பகிர்வுப் பொத்தானை அழுத்தினால், எந்த வினாடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிக்கும் வசதி உண்டு. இரண்டு மணி நேரக் கச்சேரிப் பதிவை அனுப்பும்போது அது பயன்படும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். மூன்றாம் நிமிடம் இனிப்பதற்கு முதல் இரண்டு நிமிடமும் வேண்டும்.

எம்பி3 கோப்பாக அனுப்பாமல், குழுவே வெளியிட்ட பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்ப வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பெரிய நட்சத்திரங்களுக்கு ஒரு கோப்பு கைமாறுவதால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. சிறிய குழுவுக்கு ஒவ்வொரு எண்ணும் கணக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலித்திருந்தால்தான் அதற்கு உரிமைத்தொகை கணக்கிடப்படுகிறது. 30 வினாடியாவது ஓடினால்தான் அது ஒரு முறை என்று எண்ணப்படும். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், நீள வீடியோக்களுக்கு 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆயிரத்துக்கு அருகில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பாட்டுக்கு, மயிலாடுதுறையிலும் மன்னார்குடியிலும் இருக்கும் இருபது பேர் உண்மையாகவே சில முறை கேட்பது சிறிய உதவியல்ல. காசு கொடுத்து வாங்க விரும்புகிறவருக்கு, குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தைக் காட்டலாம். டிஜிட்டல் விற்பனையில் அது எடுத்துக்கொள்ளும் பங்கு 15 விழுக்காடு. 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்து வருகிறது. இந்தக் கணக்கையெல்லாம் முதல் பரிந்துரையிலேயே எழுதிக் கேட்பவரைக் கடன்காரர் ஆக்கிவிடக் கூடாது. பாட்டு பிடித்துப்போய் அவராகக் கேட்கும்போது சொன்னால் போதும்.

அனுப்பும் காலத்தையும் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு நடக்கும் நாட்களிலும், தை மாதச் சம்பா அறுவடையிலும், வயலை நம்பியிருக்கும் வீட்டில் யாருக்கும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார நேரமிருக்காது. இரவு ஒன்பது மணிக்கு மேல், அல்லது பயணம் போகிறார் என்று தெரிந்த நாளில் அனுப்பலாம். மறுநாள் காலையில் “கேட்டீர்களா?” என்று விசாரிக்கக் கூடாது, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாடாமல், எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். குரல் வந்ததும் நிறுத்தினாரா, சத்தம் ஏறியதும் நிறுத்தினாரா என்பது அடுத்த தேர்வுக்கு உதவும்.

பரிந்துரைக்கத் தகுந்த குழு நம் ஊரிலேயே இருக்கவும் கூடும். நையாண்டி மேளக்காரர்கள், கீபோர்டையும் தவிலையும் சேர்த்து வாசிக்கும் இளைஞர்கள், கல்லூரிப் பேண்டுகள் ஆகிய பலருக்கு இணையத்தில் ஒரு பக்கம்கூட இருக்காது. அத்தகையவர்களைப் பதிவு செய்ய முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். வாசித்து முடித்துத் தண்ணீர் குடிக்கும் நேரம் அதற்கு ஏற்றது. தவிலுக்குப் பக்கத்தில் கைப்பேசியை நீட்டினால் மைக் தாங்காமல் ஒலி சிதறிவிடும். இருபது அடி தள்ளி, நாதஸ்வரத்தின் அணசுக்கு, அதாவது அதன் விரிந்த வாய்க்கு, நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கைப்பேசியைத் தூணிலோ சுவரிலோ சாய்த்து வையுங்கள். ஒரு நிமிடம் பதிந்தால் போதும். பதிவை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டி, வெளியிடலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு, குழுவின் பெயர், ஊர், வாசித்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், எந்த வாத்தியம் என்பவற்றை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். நாதஸ்வரக்காரர் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஒத்துக்காரரையும் தாளம் போட்டவரையும் விட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாக நடக்கும் தவறு. கைப்பேசி எண்ணைப் போடலாமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். நிகழ்ச்சிக்கு அழைப்பு வரட்டும் என்று இரண்டு எண்களாகத் தருபவர்களும் உண்டு.