சத்தத்தை நிறுத்திவிட்டுக் காலைப் பாருங்கள்

கோவை கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறை சனிக்கிழமை ஆறு மணிக்கு நின்றுவிடும். அப்புறம் பில் போடுகிற கம்ப்யூட்டரில் பழைய குத்துச்சண்டைகள் ஓடும். நான், என் மச்சான், காலையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் இரண்டு மூன்று பையன்கள். பல வருடமாக ஒரே வாக்குவாதம்தான்: உடம்பிலேயே வேகத்தோடு பிறந்தவன் பெரியவனா, தொழில் கற்றவன் பெரியவனா? மச்சானுக்கு வேகக்காரர் ராய் ஜோன்ஸ் ஜூனியர். எனக்குத் தொழில்காரர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ். கத்திக் கத்தித் தொண்டை வற்றியதில் ஒரு பார்க்கும் முறை கைக்கு வந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் சத்தத்தை நிறுத்துங்கள். வர்ணனையாளர் 'என்ன வேகம்' என்று கத்தினால் உங்கள் கண்ணும் வேகத்தைத்தான் தேடும். கூட்டத்தின் இரைச்சல் இன்னும் மோசம். கையுறையில் பட்ட குத்தைக்கூட முகத்தில் பட்டதாக நம்ப வைத்துவிடும்.

அடுத்தது கால். ஒரு ரவுண்டு முழுக்க, மூன்று நிமிடமும், இடுப்புக்கு மேலே பார்க்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், கண் தானாக மேலே ஏறும். கார்ட்போர்டு அட்டை ஒன்றை எடுத்துத் திரையின் மேல் பாதியை மறைத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டி விடும் குத்து, அடிக்கும்போது முன்கால் கையோடு சேர்ந்து நகர்கிறதா? (பட்டறையில் ஜாப் என்றால் லேத்தின் பிடியில், சக்கில், மாட்டியிருக்கும் இரும்பு. இந்தக் குழப்பத்தில் பையன்கள் சிரிக்காத நாள் இல்லை.) பக்கவாட்டில் போகும்போது இரண்டு காலும் பின்னிக்கொள்கிறதா? குத்து முடிந்த நொடியில் அடுத்த குத்துக்கு ஆள் தயாராக நிற்கிறானா, இல்லை தடுமாறிச் சமாளிக்கிறானா? வேகமான ஆளுக்குக் கால் தப்பான இடத்தில் இருந்தாலும் எதிராளி அதைப் பிடிப்பதற்குள் அவன் அங்கிருந்து போயிருப்பான். அதனால் தப்பு வெளியே தெரியாது. வயது ஏறும்போதுதான் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பத்தொன்பது வயதில் 57 கிலோ பிரிவில் எங்கள் பக்கத்தில் என்னளவு கைவேகம் யாருக்கும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்க் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு போட்டியில் எதிரே வந்தவர் பார்க்க மாமா வயதில் இருந்தார், மெதுவாக நடந்தார். நான் பாய்ந்தபோதெல்லாம் அரை அடி தள்ளி நின்றார், அவ்வளவுதான். காற்றைக் குத்திக் குத்தி மூன்றாவது ரவுண்டில் எனக்குக் கை தூக்க முடியவில்லை. அவருக்கு வேர்த்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, மூன்றாவது வேலை. ஒரே ஆளின் சண்டைகளை வயது வாரியாகப் பாருங்கள்: உச்சத்தில் ஒன்று, வேகம் குறைய ஆரம்பித்த பிறகு ஒன்று, தோற்றது ஒன்று. மூன்று போதும். ஆனால் மூன்றையும் முழுதாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு நோட்டில் 'உடம்பு', 'தொழில்' என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். நாக்அவுட் துண்டுகளை ஒட்டிப் போட்ட வீடியோக்களை நம்பி யாரையும் எடை போடாதீர்கள். அதில் எல்லாருமே மாவீரர்கள்.

முகமது அலியை வைத்துத் தொடங்கலாம். 1966 நவம்பரில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸோடு மோதிய சண்டையைப் பாருங்கள். கை இடுப்பருகில் தொங்கும், குத்து வந்தால் தலையை நேராகப் பின்னால் இழுப்பார். என்னிடம் வரும் பையன் இரண்டில் ஒன்றைச் செய்தாலும் திட்டு விழும். அலிக்கு அந்தக் காலும் கண்ணும் இருந்ததால் செல்லுபடியானது. 1967இல் ராணுவத்தில் சேர மறுத்ததற்காக மூன்றரை வருடம் ரிங்குக்கு வெளியே நிறுத்தினார்கள். திரும்பி வந்தவருக்குப் பழைய கால் இல்லை. 1971இல் ஜோ ஃப்ரேஸியரின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) பதினைந்தாவது ரவுண்டில் அவரைக் கீழே சாய்த்தது.

அதற்கப்புறம் 1974, கின்ஷாசா, ஜார்ஜ் ஃபோர்மேன். அலிக்கு வயது 32. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியே ஜெயித்தார் என்று எல்லாரும் சொல்வார்கள். முதல் ரவுண்டை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ஜாப் போட்டு வழி செய்யாமல் வலது கையையே முதல் குத்தாக விடுகிறார். தூரம் அதிகம், ஆபத்தான குத்து; ஃபோர்மேன் அதை எதிர்பார்க்கவில்லை. அப்புறம்தான் கயிறு. அங்கேயும் சும்மா நிற்கவில்லை: ஃபோர்மேனின் கழுத்தைப் பிடித்து அமுக்குகிறார், கையுறையில் வாங்குகிறார், ரவுண்டு முடியப்போகும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேன் விழுந்தார். உடம்பு போனபின் இவ்வளவு தொழில் உள்ளே இருந்தது என்று 1966ஐ மட்டும் பார்த்தவனுக்குத் தெரிய வழியே இல்லை.

என் ஹாப்கின்ஸுக்கு வருகிறேன். 1993இல் அவர் ராய் ஜோன்ஸிடம் புள்ளிகளில் தோற்றார். 2011இல், 46 வயதில், ஜான் பாஸ்கலை ஜெயித்து உலகப் பட்டம் வாங்கினார். அவர் சண்டையைப் பார்ப்பது லேத்தில் ஆயிரத்தில் ஒரு இன்ச் கணக்கில் கடைவதைப் பார்ப்பது போல; பொறுமை இல்லாதவனுக்குத் தூக்கம் வரும். எதிராளி குத்த நினைக்கும் நேரத்தில் அரை அடி தள்ளியிருப்பார், இல்லாவிட்டால் கட்டிப் பிடித்திருப்பார். ஆனால் 'பாத்தியா, தொழில்தான்' என்று இதை வைத்துக் குதிக்கவும் கூடாது. சண்டை இல்லாத மாதங்களிலும் எடையை ஏறவிடாமல் உடம்பைக் காத்தவர் அவர். அந்த உடம்பு இல்லாமல் அந்தத் தொழில் 46 வரை ஓடியிருக்காது. 49 வயதில் கோவலேவோடு நின்றபோது முதல் ரவுண்டிலேயே கீழே போனார். பன்னிரண்டு ரவுண்டும் தாக்குப் பிடித்தார், ஆனால் எல்லா நடுவர்களின் தாளிலும் ஒரு ரவுண்டுகூட அவருக்கு இல்லை.

மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பட்டறைக்குள் விடமாட்டான். 2004இல் டார்வர் இரண்டாவது ரவுண்டிலேயே ஜோன்ஸைச் சாய்த்ததும் 'கால் போச்சு, ஆளும் போச்சு' என்று நானும் சொன்னவன்தான். அவன் ஒரு கணக்கைக் காட்டினான். 2003 மார்ச்சில் ஜோன்ஸ் 193 பவுண்டு எடையோடு ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். நவம்பரில் 175க்கு இறங்கி அதே டார்வரோடு மோதினார். எட்டு கிலோ. கட்டுறுதியான ஆளுக்கு அந்த எட்டு கிலோவில் கொழுப்பு எவ்வளவு இருந்திருக்கும்? ஆகவே ஒரு தோல்வியை எழுதும்போது வயதோடு எடையையும் எழுதுங்கள்.

இன்னொன்றும் அவன்தான் காட்டினான். 2002இல் கிளென் கெல்லிக்கு எதிரே ஜோன்ஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, வந்த குத்துக்கு விலகி, வலது கையால் ஒரே அடியில் முடித்தார். நான் அதைத் திமிர் என்றேன். ஜோன்ஸ் சண்டைச் சேவல் வளர்த்தவர், சேவலைப் பார்த்தே இதை எடுத்தார் என்று மச்சான் சொன்னான். 'ஏனுங் மாமா, பூலாம்வலசுச் சேவக்கட்டுல நீங்க பாத்ததில்லீங்களா? நல்ல சேவல் முதல்ல பாயாதுங்க. எதிர்ச் சேவலைப் பாய வெக்கும்.'

அதைக் கேட்டபிறகு மறுபடி பார்த்தேன். உண்மைதான். கையை மறைத்தது எதிராளியைக் குத்த வரவழைக்கப் போட்ட தூண்டில். வேகம் குத்தில் இருந்தது, ஆனால் எப்போது குத்துவது என்பதைத் தீர்மானித்தது தலை. இதை உடம்புக் கணக்கில் எழுதுவதா தொழில் கணக்கில் எழுதுவதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. நோட்டில் இப்போது 'உடம்பு', 'தொழில்' என்ற இரண்டு பத்திக்கு நடுவே 'நேரம்' என்று மூன்றாவது ஒன்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் அங்கேதான் வந்து விழும். ஃபோர்மேன் 45 வயதில், 1994இல், மூன்று நடுவர்களின் தாளிலும் பின்தங்கியிருந்தும் பத்தாவது ரவுண்டில் மைக்கேல் மூரரைச் சாய்த்தாரே, அந்த வலது கையை நாங்கள் எழுதியது அந்த நடுப் பத்தியில்தான்.

குத்து தாங்கும் தாடையை யாரும் கற்றுத்தர முடியாது, அதை உடம்பில் எழுதிவிட்டு நகருங்கள். எதிராளி யார், எந்த வயதில் வந்தான் என்று ஓரத்தில் ஒரு வரி போதும்.

இந்தச் சனிக்கிழமை 1994 நவம்பர் சண்டை, ஜோன்ஸும் ஜேம்ஸ் டோனியும். அதுவரை தோற்காதவர் டோனி. தோளைத் திருப்பிக் குத்தை வழுக்கிவிடும் அந்தப் பழைய வித்தையில் கைதேர்ந்தவர். மூன்றாவது ரவுண்டில் ஜோன்ஸைக் கேலி செய்து கையைத் தொங்கவிட்டார், இடது ஹூக்கில் கயிற்றுப் பக்கம் போய் விழுந்தார். கடைசியில் ஜோன்ஸ்தான் ஜெயித்தார். எனக்குப் பிடிக்காத சண்டை அது. மச்சான் காளான் பார்சலோடு ஆறுமணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுவான். அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன்.