புல்வெட்டும் மெஷினுக்கு வேறு ட்ரிகர்: என் அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் புல் வெட்டுவதுதான் என் பிழைப்பு. முதுகில் மாட்டும் மெஷின். கத்தி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிகரின் ஸ்பிரிங் தளர்ந்துபோய், விரலை எடுத்தாலும் கத்தி வேகம் குறையவில்லை. இதைத் தள்ளிப்போடவே கூடாது, கால் போய்விடும்.

ஒரிஜினல் கிடைக்கவில்லை. கடை தவுக்கே (முதலாளி) வேறு கம்பெனி ட்ரிகர்களை மேசையில் பரப்பினார். கைப்பிடிக் குழாயின் தடிமனுக்குப் பொருந்துகிறதா, ட்ரிகரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கேபிளின் நுனியில் இருக்கும் குமிழ் அதன் குழியில் ஆடாமல் உட்காருகிறதா என்று பழையதை வைத்தே ஒப்பிட்டேன். உள்ளங்கையால் லாக்கை அழுத்தினால்தான் ட்ரிகர் நகர வேண்டும். லாக் இல்லாதது மலிவுதான், ஆனால் ஒரு கிளை பட்டாலே வேகம் ஏறிவிடும். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். கேபிளை எங்கும் மடங்காமல் பழைய வழியிலேயே கொண்டுபோனேன். அப்புறம் கார்புரேட்டர் பக்கத்து நட்டைத் திருப்பி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு விட்டேன். இந்தத் தளர்வு முக்கியம். கேபிள் இழுத்துக்கொண்டே இருந்தால் ஐட்லிங் (ட்ரிகரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறும், எஞ்சினையும் கத்தியையும் இணைக்கும் கிளட்ச் பிடிக்கும், தொடாமலே கத்தி சுழலும். அதற்காக ரொம்பத் தளர்த்தினாலும் முழு வேகம் வராது.

ஸ்டார்ட் செய்து, கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் மாறவில்லை, கத்தி அசையவில்லை. ஸ்டாப் சுவிட்சையும் அழுத்திப் பார்த்தேன், உடனே நின்றது. சரி, மறுநாள் காலையே வேலைக்கு எடுத்துப்போய்விட்டேன்.